ஏட்டையா தும்மிய நாள்

அந்தத் தெருவில் யார் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் வந்து நிற்பது துப்பக்கா வீட்டு வாசலில்தான். செருப்பு ஒற்றையாகக் கிடந்தால் வருவார்கள். கொடியில் காயப்போட்ட துண்டைக் காணவில்லை என்றால் வருவார்கள். "அக்கா, நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்பார்கள். அவளும் சலித்துக்கொள்ளாமல் நாலு கேள்வி கேட்டுவிட்டு, "ரெண்டு நாள் பொறுங்க, தானா வந்துரும்" என்று அனுப்பி வைப்பாள். பெரும்பாலும் வந்துவிடும். காணாமல் போகிற சாமான்களுக்கு அப்படி ஒரு குணம் உண்டு. தேடுவதை நிறுத்தினால் கட்டிலுக்கு அடியிலிருந்து தானே எட்டிப் பார்க்கும். பேர் என்னவோ துப்பக்காவுக்குப் போகும்.

உள்ளபடி பார்த்தால் அவள் பிறந்தது முதல் ஒரு துப்பும் துலக்கியவள் இல்லை. பல் டாக்டர் ஒருவரிடம் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது அவள் உத்தியோகம். மிச்ச நேரத்தில் துப்பறியும் கதை எழுதுவாள். எட்டுப் புத்தகம் வந்திருந்தது. பஸ்ஸில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுப் போவார்களே, அந்த மாதிரிப் புத்தகம். அதில் கத்திக்குத்து கிடையாது, படிக்கிறவர் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்க வேண்டிய அவசியம் கிடையாது. ஒரு குதிரை லாயம். அங்கே ஏதாவது ஒரு கோளாறு நடக்கும். பந்தயத்துக்கு முந்தைய நாள் சேணம் காணாமல் போகும், தீவனத்தில் யாரோ எதையோ கலந்திருப்பார்கள். மனிதர்கள் எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். லாயத்துப் பூனை மட்டும் விஷயத்தைக் கண்டுபிடித்துவிடும்.

பூனையின் பெயர் ஏட்டையா. கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்திருக்கும்போது ஏட்டையா ஒவ்வொருவர் கையாக முகர்ந்துகொண்டே போகும். குற்றவாளியின் கை வந்ததும் ஒரு தும்மல் போடும். அவ்வளவுதான், ஆள் மாட்டிக்கொள்வான். எட்டுப் புத்தகத்திலும் இதே தும்மல்தான். பல்வலியோடு காத்திருக்கும் சில பேர் அவள் புத்தகத்தையே அவள் எதிரில் உட்கார்ந்து படிப்பார்கள். அட்டையில் இருப்பது அவள் பேர் என்று தெரியாது. "இந்தப் பூனை எப்பம்மா தும்மும்னு பார்த்துட்டேதான் படிக்கிறேன், வலியே தெரியல" என்று ஒரு கிழவர் அவளிடமே சொன்னார். அன்று முழுக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கதை எல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், புருஷனின் தோளிலிருந்து. அவர் ஒரு பெரிய லாயத்தில் குதிரை பராமரிப்பவர். தினமும் வாளி தூக்கி, வைக்கோல் வாரி, பிடரி மயிரை மணிக்கணக்காகக் கையைத் தூக்கியபடியே வாரி, வலது தோள் மூட்டு தேய்ந்துபோயிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சட்டையைக் கழற்றி உட்காருவார். அவள் மருந்துக் கடையில் வாங்கிய களிம்பை எடுத்துத் தேய்ப்பாள். சுரீரென்று ஏறுகிற களிம்பு. தேய்த்த கையோடு மறந்துபோய்க் கண்ணைக் கசக்கிவிட்டால் அரைமணி நேரம் அழ வேண்டியதுதான். அவர் கண்ணை மூடிக்கொண்டு லாயத்துக் கதையைச் சொல்லிக்கொண்டே போவார். யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்தக் குதிரை இன்று சாப்பிடவில்லை, ஏட்டையா யாருடைய மதியச் சாப்பாட்டை அடித்தார்.

ஆமாம், ஏட்டையா நிஜத்திலும் இருந்தார். ஒரு காது கிழிந்த சாம்பல் கடுவன். ராத்திரி ரோந்து போகிறவர் மாதிரி ஒவ்வொரு கொட்டடியாக எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் இவர் மடியில் வந்து படுத்துக்கொள்வார். கையில் என்ன இருக்கிறது என்று முதலில் முகர்ந்து பார்க்காமல் படுக்க மாட்டார். துப்பறியும் பூனை அங்கிருந்து வந்ததுதான்.

ராசாத்தியும் நிஜம். சிவப்பு நிறப் பெண் குதிரை. அது பிறந்து கீழே விழுந்தபோது முதலில் கையில் ஏந்தித் துடைத்தவர் அவர். இந்தத் தம்பதிக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசி ஓய்ந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனால் ராசாத்திக்கு வயிறு சரியில்லை என்றால் இங்கே அவருக்குச் சோறு இறங்காது. அவள் கிண்டல் செய்வாள். "உங்க மக இன்னிக்கு என்ன சாப்பிட்டாளாம்?" என்பாள். அவரும் கோபப்படாமல் ஒவ்வொன்றாகச் சொல்வார். ராசாத்தி மற்றவர் கையில் எதையும் அவ்வளவு எளிதில் வாங்காது. மூக்கைத் திருப்பிக்கொள்ளும். அதில் அவருக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

துப்பக்கா கதை எழுதும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். அவள் முதலில் எழுதுவது கடைசி அத்தியாயத்தைத்தான். யார் செய்தது என்று முடிவு கட்டிவிட்டு, பிறகு பின்னால் நகர்ந்து வந்து தடயங்களை ஆங்காங்கே போட்டு வைப்பாள். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி போடுகிற வேலை. "இதுல என்னம்மா மூளை வேணும், ஒளிச்சு வச்சதே நீதானே" என்று அவர் சிரிப்பார். சிரித்தாலும் உதவி செய்வார். ஐந்தாவது புத்தகத்துக்காக, தாண்டும்போது அடிபடாமலிருக்கக் குதிரைக்குக் காலில் கட்டு எப்படிக் கட்டுவார்கள் என்று அவள் கேட்டாள். அவர் நிஜக் கட்டுத் துணியைக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையின் காலைக் குதிரைக் காலாக நினைத்துக் கட்டிக் காட்டினார். அவளும் கட்டிப் பழகினாள். இறுக்கினால் ரத்தம் நிற்கும், தளர்த்தினால் ஓடும்போது அவிழும். பல நாள் அந்த மேசை நாலு காலிலும் கட்டோடு நின்றது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "மேசைக்கு என்னக்கா, அடிபட்டுருச்சா?" என்று கேட்டாள்.

இந்த மேசைக்கால் பாடம்தான் பின்னால் வந்து குடியைக் கெடுத்தது.

குதிரைகள் தடை தாண்டிப் போட்டி போடுகிற அந்த வருஷத்துப் பெரிய குதிரைக் காட்சிக்கு அவளையும் கூட்டிப் போனார். இத்தனை புத்தகம் எழுதியும் அவள் ஒரு காட்சியைக்கூட நேரில் பார்த்ததில்லை. கழுத்தில் பார்வையாளர் அட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு போனாள். குளித்துவிட்ட குதிரைகள் பளபளவென்று நின்றன. ஒலிபெருக்கியில் யாரோ இருமிக்கொண்டே பெயர் வாசித்தார்கள். லாடக்காரர் ராசாத்தியின் முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்து ஆணிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு அண்ணே, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குதிரைக்குப் போனார். அவர் இவர்கள் வீட்டில் கை நனைத்துப் பழகிய மனிதர், அவளை அண்ணி என்று கூப்பிடுகிறவர்.

புருஷன் விடியும் முன்பே வந்து முக்காலியில் ஏறி நின்று பிடரி மயிரைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி முடித்திருந்தார். இறங்கும்போது தோள் பிடித்துக்கொண்டது. கை மார்புக்கு மேல் எழவில்லை. முகம் வெளுத்துவிட்டது. அவள் கைப்பையில் களிம்பு எப்போதும் இருக்கும். கொட்டடி ஓரமாக உட்கார வைத்து, சட்டையை இறக்கி, பரபரவென்று தேய்த்தாள். குதிரைக்கு எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது, தீவனத்தில்கூட இன்னது சேரக் கூடாது என்பதில் அவர் படு கறார். ஆனால் இந்தக் களிம்பை மருந்து என்று இரண்டு பேருமே நினைத்ததில்லை. சீப்பு மாதிரி, சோப்பு மாதிரி, வீட்டில் கிடக்கிற ஒரு சாமான். ஏட்டையா வழக்கம்போல் வந்தார். லாயத்து வண்டியில் ஏறி அவரும் காட்சிக்கு வந்திருந்தார். அவள் விரலை முகர்ந்தார். ஒரு தும்மல் போட்டார். இன்னொரு தும்மலும் போட்டுவிட்டு, அருவருத்துப் பின்வாங்கி வைக்கோலுக்குப் பின்னால் போய்விட்டார்.

"பாத்தீங்களா, நாந்தான் குற்றவாளியாம்" என்று அவள் சிரித்தாள். வலியிலும் அவர் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி ராசாத்தியின் எண்ணைக் கூப்பிட்டது. முன்னங்கால் இரண்டிலும் இன்னும் கட்டுப் போடவில்லை. ராசாத்தி மேல் ஏறுகிற முதலாளி மகள், தாண்ட வேண்டிய தடைகளைப் பார்வையிட மைதானத்துக்குள் போயிருந்தாள். மற்ற ஆட்கள் ஆளுக்கொரு குதிரையோடு திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து பார்த்தார், கை ஒத்துழைக்கவில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"மேசைக்கால்ல கட்டுனியே, அதே மாதிரிதான். நான் அவ தலையைப் பிடிச்சுக்கறேன். கையைத் தொடைச்சுக்க."

அவள் அவர் துண்டில் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மண்டியிட்டு, கட்டினாள். கட்டுக்கு அடியில் வைக்கிற பஞ்சை விரலால் நீவி நீவிப் பொருத்தி, துணியைச் சீராகச் சுற்றி, நுனியைச் செருகினாள். ராசாத்தி அவள் தலைமயிரை மெல்ல முகர்ந்ததே ஒழிய அசையவில்லை. "என்னை விட நல்லா கட்டியிருக்க" என்றார் அவர். அவளுக்கு எட்டுப் புத்தகம் வந்தபோது இல்லாத சந்தோஷம் அப்போது வந்தது.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். உங்களுக்கென்ன, சாவகாசமாக உட்கார்ந்து படிக்கிறீர்கள். அவளுக்கு விளங்கவில்லை. எட்டுப் பேரைத் தும்மலால் பிடித்துக் கொடுத்தவளுக்கு, தன் முகத்துக்கு நேராகப் போட்ட தும்மல் ஒரு வேடிக்கையாகத்தான் தெரிந்தது.

ராசாத்தி அன்று தாண்டிய மாதிரி என்றும் தாண்டியதில்லை. ஒவ்வொரு தடைக் கட்டைக்கும் மேலே தேவைக்கு மேல் ஒரு முழம் எழும்பியது. கால் கட்டையில் பட்டுவிடுமோ என்று பயந்த மாதிரி முழங்காலை மார்போடு இழுத்துக்கொண்டு பறந்தது. கூட்டம் எழுந்து நின்றது. துப்பக்கா உள்ளங்கை சிவக்கக் கை தட்டினாள். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம், "எங்க வீட்டுக்காரர் வளர்த்ததுங்க" என்றாள். ராசாத்திக்குத்தான் முதலிடம்.

வெற்றி பெற்ற குதிரையின் காலைச் சோதிப்பது அங்கே வழக்கம். வாசலிலேயே காட்சியை நடத்துகிற சங்கத்தின் டாக்டர் கால் கட்டுகளை அவிழ்த்து, ஈரப் பஞ்சால் காலைத் துடைத்து, பஞ்சைப் புட்டியில் போட்டு மூடி எடுத்துப் போனார். ராசாத்தி முன்னங்காலை மாற்றி மாற்றித் தரையில் உதைத்துக்கொண்டிருந்தது. "பெருமையைப் பாரு" என்றாள் அவள். அவர் குனிந்து காலைத் தொட்டுப் பார்த்து, சுடுகிறதே என்று முகம் சுளித்து, வெகுநேரம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

சோதனை முடிவு வந்தபோது லாயமே ஆடிப்போயிற்று. காலில் கூடாத பொருள் இருந்திருக்கிறது. வாயில் நுழையாத ஒரு ரசாயனப் பெயரைச் சொன்னார்கள். பரிசைப் பிடுங்கிக்கொண்டார்கள். ராசாத்தியும் முதலாளி மகளும் அந்த ஆண்டு எந்தப் போட்டிக்கும் வரக் கூடாது என்றார்கள். பராமரித்தவரை வேலையை விட்டு நிறுத்தி வைத்து, விசாரணை என்றார்கள். குற்றம் உறுதியானால் இனி ஆயுசுக்கும் எந்த லாயத்திலும் அவர் கால் வைக்க முடியாது. முதலாளி மகள் சின்னப் பிள்ளையிலிருந்து அவரை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அவள் திட்டவில்லை. "ஏன் மாமா? நாம தோத்திருந்தாகூடப் பரவாயில்லையே" என்று மட்டும் கேட்டாளாம். அன்று வீட்டுக்கு வந்தவர் குளிக்கவில்லை, நாற்காலியைத் திருப்பிப் போடவில்லை, கதை சொல்லவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

தெரு பூராவும் துப்பக்கா வீட்டு வாசலில் கூடிவிட்டது. "அக்கா, நீங்க எழுதுற மாதிரியே நடந்திருக்கே! யாரு செஞ்சதுன்னு நீங்க கண்டுபிடிச்சிர மாட்டீங்களா?" என்று கேட்டார்கள். ஆளுக்கொரு குற்றவாளியைச் சொன்னார்கள். எதிரி லாயத்து ஆள்தான் என்றார் ஒருவர். முதலாளியே இன்சூரன்ஸுக்காகச் செய்திருப்பார் என்றார் இன்னொருவர். கடைசி அத்தியாயம் கையில் இல்லாமல் அவள் எந்தக் கதையிலும் நுழைந்ததில்லை.

"நான் கண்டுபிடிக்கிறேங்க. உங்க ராசாத்திகிட்ட உங்களை நான் திருப்பிக் கொண்டுபோய் விடுறேன்" என்று அவரிடம் சொன்னாள்.

"விடு" என்றார் அவர். "ஒண்ணும் கிண்டாத."

அவள் விடவில்லை. அன்று ராசாத்தியின் காலை யார் யார் தொட்டது என்று யோசித்தாள். புருஷன் தொட்டார். தான் தொட்டாள், ஆனால் தன்னைக் கணக்கில் சேர்க்க யாருக்குத் தோன்றும்? மிச்சம் லாடக்காரர். அவருக்கு எதிரி லாயத்திலும் வேலை உண்டு. நினைக்க நினைக்கக் கதை தானாகப் பின்னிக்கொண்டது. அதுதான் அவள் தொழிலில் உள்ள கேடு. யாரை நிறுத்தினாலும் அவருக்குப் பொருத்தமாக ஒரு குற்றம் தைத்துப் போட்டுவிட வரும்.

லாடக்காரரின் பட்டறைக்குப் போனாள். அவர் உலையை அணைத்துவிட்டு, முக்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. புத்தகத்தில் எழுதுகிற தோரணையில் சுற்றி வளைத்துக் கேட்டாள். அன்றைக்கு வேறு எந்த லாயத்துக்குப் போயிருந்தீர்கள், கையில் என்ன இருந்தது, ராசாத்தியிடம் திரும்ப வந்தீர்களா. அவர் முதலில் சாதாரணமாகப் பதில் சொன்னார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"அண்ணி, என்னையா நினைக்கிறீங்க?"

அவள் உலைப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணனுக்கு நான் செய்வேனா அண்ணி? அதுவும் அந்த மாதிரி ஒண்ணை? வாயில்லா ஜீவன் கால்ல மிளகாயைத் தடவுறதுக்கு எப்படி மனசு வரும்?"

"மிளகாயா?"

"ஆமா. பேரு என்னமோ நீளமாச் சொல்றாங்க, டாக்டர்கிட்ட கேட்டேன், மிளகாய்ல இருக்கற காரம்தானாம். தடவுனா தோல் வெந்த மாதிரி ஆயிடுமாம். கட்டையில லேசா பட்டாலும் உயிர் போற வலி. அதுக்குப் பயந்துக்கிட்டே குதிரை எகிறித் தாண்டுமாம். ஜெயிக்கறதுக்காகச் சில பாவிங்க செய்யறதுதான். ஏன் அண்ணி, என்ன ஆச்சு? உக்காருங்க, தண்ணி தர்றேன்."

கைப்பைக்குள்தான் இருந்தது அந்தக் களிம்பு. வெளியே எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. குழாயின் மேல் சிவப்பாக ஒரு மிளகாய்ப் படம் உண்டு. வருஷக்கணக்காகப் பார்க்கிற படம். நீவி நீவிப் பஞ்சைப் பொருத்திய விரல்களைப் பார்த்தாள். ஒரு முழம் அதிகமாக எழும்பிய ராசாத்தியை நினைத்தாள். அது எரிச்சலில் துடித்தபோது தான் எழுந்து நின்று கை தட்டியதை நினைத்தாள். லாடக்காரர் கொடுத்த தண்ணீரை அப்படியே கீழே வைத்தாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவர் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

புருஷன் அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அழுகை பாதி, பேச்சு பாதி. அவர் அதிர்ச்சி அடையவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"டாக்டர் மிளகாய்னு சொன்ன அன்னைக்கே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! வேணும்னு செய்யலைன்னு சொல்லியிருக்கலாமே!"

"யாரு செஞ்சதுன்னு கேப்பாங்க. வெளி ஆளு யாராவது குதிரையைத் தொட்டாங்களான்னு எழுதிக் கேட்டாங்க. இல்லைன்னு சொல்லிட்டேன். வெளி ஆளுன்னா சங்கத்தோட போகாது, போலீஸுக்குப் போகும். குதிரையை வதைச்சதா கேஸ் ஆகும். உன்னைக் கொண்டுபோய் அங்க நிறுத்தச் சொல்றியா?"

"நிறுத்தட்டும்."

"ராசாத்தி என்னை விட்டுப் போனது போதும். சும்மா இரு."

சும்மா இருக்கிற ஆளா அவள்? விசாரணை நாளன்று அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கூடவே போனாள். நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் சங்கத் தலைவர், ஒரு பக்கம் டாக்டர், மறு பக்கம் கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயது அம்மாள். சுவரில் வரிசையாகக் குதிரைப் படங்கள். கதவோரத்தில் முதலாளி மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தலைவர் ஏதோ கேட்க ஆரம்பிக்கும் முன்பே துப்பக்கா முன்னால் போய்விட்டாள்.

"ஐயா, செஞ்சது நாந்தான். அவரு இல்ல."

சொன்னாள். தோள் பிடித்துக்கொண்டது, களிம்பு தேய்த்தது, எண்ணைக் கூப்பிட்டது, கட்டுப் போட்டது. களிம்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். எப்படி இத்தனை அழகாகக் கட்டத் தெரிந்தது என்று தலைவர் கேட்டதற்கு, மேசைக்காலில் கட்டிப் பழகினேன் என்றாள். அவர் புருவத்தை உயர்த்தினார். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில், ஒன்று விடாமல் சொல்லிவிட வேண்டும் என்கிற வேகத்தில், "பூனைகூட என் கையை மோந்து பாத்துட்டுத் தும்முச்சுங்க" என்று சேர்த்துவிட்டாள்.

கண்ணாடி அம்மாள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க ஏட்டையா கதை எழுதுறவங்கதானே? பத்திரிகையில உங்க போட்டோ பாத்த ஞாபகம். எட்டும் படிச்சிருக்கேன்மா, எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அதைத்தான் வாசிச்சுக் காட்டுனேன்." பிறகு தலைவர் பக்கம் சாய்ந்து மெல்ல ஏதோ சொன்னார். தலைவரின் முகத்திலும் சிரிப்பு வந்தது. கேலிச் சிரிப்பு இல்லை, இரக்கச் சிரிப்பு. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"நல்ல கதைம்மா. கச்சிதமா இருக்கு. புருஷனைக் காப்பாத்தணும்னு நினைக்கறது தப்பில்ல. ஆனா இது விசாரணை."

"கதை இல்லைங்கய்யா! சத்தியமா நடந்துச்சு!"

தலைவர் அவள் புருஷன் பக்கம் திரும்பினார். "வெளி ஆள் யாரும் தொடலைன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. இவங்க நான் தொட்டேங்கறாங்க. எது நிஜம்?"

துப்பக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, சொல்லுங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். அவர் நல்ல கையால் வலிக்கிற கையைத் தாங்கிக்கொண்டு நின்றார். அவளைப் பார்க்கவில்லை.

"யாரும் தொடலீங்க" என்றார். "என் சம்சாரம் கதை எழுதுறவங்க. மன்னிச்சிருங்க."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எதுவும் அவள் காதில் சரியாக விழவில்லை. ஆயுசுக்கும் என்ற சொல் மட்டும் விழுந்தது. கதவோரத்தில் நின்ற முதலாளி மகள் வெளியே போனாள். கண்ணாடி அம்மாள் களிம்பை எடுத்து அவள் கையில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து, "அடுத்த புத்தகம் எப்பம்மா வரும்?" என்று அன்போடுதான் கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாரே என்று வந்தது முதலில். பிறகு அந்தக் கோபமும் நிற்க இடமில்லாமல் போயிற்று. அவர் செய்ததை அவள் கத்தித் திருத்த முடியாது, போய்த் திரும்பச் சொல்லவும் முடியாது. இனி அவள் எந்த மேடையில் ஏறி உண்மையைச் சொன்னாலும் ஒன்பதாவது புத்தகம் என்றுதான் கேட்கிறவர்கள் நினைப்பார்கள்.

ஒன்பதாவது புத்தகம் வரவில்லை. பதிப்பாளர் போன் மேல் போன் போட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்தார். கடைசி அத்தியாயத்தை எழுத உட்காருவாள். எல்லாரையும் வரிசையாக நிறுத்துவாள். ஏட்டையா முகர்ந்துகொண்டே வருவார். அவள் கையைத் தட்டச்சுப் பலகையிலிருந்து எடுத்துவிடுவாள். தெருவில் யாருக்கும் எதுவும் காணாமல் போவதும் நின்றுபோயிற்று, அல்லது அவளிடம் வந்து சொல்வது நின்றுபோயிற்று. லாடக்காரர் மட்டும் பழசை மனதில் வைத்துக்கொள்ளாமல் எப்போதாவது வருவார். ராசாத்தி புது ஆள் கையில் தீவனம் வாங்க மாட்டேன் என்கிறது, இளைத்துவிட்டது என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் போன பின்னும் புருஷன் வெகுநேரம் வாசலிலேயே நின்றார். லாயம் பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனாலும் வாசலுக்கு அந்தப் பக்கம் போக அவருக்கு அனுமதி இல்லை.

விசாரணைக்குப் பிறகு அவள் களிம்பைத் தொடவில்லை. அலமாரியின் மேல்தட்டில் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். தோள் அவரைப் படுத்திக்கொண்டுதான் இருந்தது. சட்டை மாட்ட ஒரு கையால் பாடுபடுவதை அவள் பார்ப்பாள். பார்க்காத மாதிரி சமையலறைக்குள் போய்விடுவாள்.

ஒரு சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டார். சட்டையைக் கழற்றி உட்கார்ந்தார்.

"தேய்" என்றார்.

"வேண்டாங்க."

"வலிக்குது. தேய்."

"அதை எடுத்தாலே எனக்கு ராசாத்தி கால்தாங்க ஞாபகம் வருது. வேற ஏதாவது வாங்கிட்டு வர்றேன். டாக்டர்கிட்டயே கேக்கறேன், காரம் இல்லாததா..."

"அதுவேதான் கேக்கும். எடுத்துட்டு வா."

அவள் நகரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். விசாரணைக்குப் பிறகு அன்றுதான் அவளை நேராகப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"எடுத்துட்டு வாம்மா" என்று மடியில் கிடந்த தன் வலது கையைக் காட்டினார். "இனிமே இந்தக் கை யாரைத் தொடப் போகுது?"